ரவுப் தங்கச் சுரங்க ஊரை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா?

பெர்ஜுந்தை கவிதா:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை பகாங்ல இருக்கிற ரவுப் போகலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், ஆறாம் ஆண்டு படிக்கிற பையன், மாமனார். காலையில பத்தாங் பெர்ஜுந்தையில கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்பணும். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கு.

பையனுக்குத் தங்கச் சுரங்கம் பத்தித் திரட்டேடு செய்யச் சொல்லியிருக்காங்க. எங்க ஊர்ல ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) தெரியும், குட்டையைப் பார்த்தே வளர்ந்தவங்க நாங்க. தங்கம் எப்படி எடுத்தாங்கன்னு கேட்டா எனக்கே தெரியல. இணையத்துல தேடினா டுரியான் படமாத்தான் வருது.

மாமனார் சின்ன வயசுல கொஞ்ச காலம் ரவுப் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்தாராம். "போனா எனக்கு ரோடு ஞாபகம் வந்துரும்"னு சொல்றார். முழங்கால் வலி இருக்கு, ரொம்ப நடக்க மாட்டார்.

சுரங்கத்துக்குள்ள இறங்கிப் பார்க்க முடியுமா? காராக் நெடுஞ்சாலை நல்லதா, கோலகுபு பாரு வழி நல்லதா? அப்படியே கோலலிப்பிஸும் பார்த்துட்டு வரலாமா? சாப்பாட்டுக்கு எங்க போறது?

ஷா ஆலம் பிரபு:

அக்கா, உண்மையைச் சொல்லணும்னா அங்க ஒண்ணுமே இல்ல. சுரங்கமெல்லாம் மூடி எத்தனையோ வருஷமாச்சு. வேலிதான் இருக்கும். போனா மூசாங் கிங் டுரியான் சாப்பிட்டுட்டு வாங்க, அவ்வளவுதான். திரட்டேட்டுக்குப் படம் வேணும்னா கூகுள்ல எடுத்துக்கலாம்.

பழைய கிராணி:

தம்பி பிரபு, கோவிச்சுக்காதீங்க. டுரியான் வாங்க வர்றவங்க காடியை விட்டு இறங்கறது கடை வாசல்லதான். அங்கிருந்து பார்த்தா ஒண்ணும் இல்லதான்.

தங்கச்சி கவிதா, நான் ரவுப்ல இருக்கிறவன். டவுனுக்கு வெளிய ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்தேன். தாத்தா முதல்ல தங்கச் சுரங்கத்துல கல்லு வண்டி தள்ளினார். நெஞ்சுல இருமல் பிடிச்சதும் தோட்டத்துக்கு வந்து ரப்பர் மரத்துல பால் வெட்டினார். அப்பாவும் பால்வெட்டுதான். நான் நாலு எழுத்து படிச்சதால அதே தோட்டத்து ஆபீசுல கிராணி. இப்ப அந்தத் தோட்டத்துல ரப்பர் மரம் தேடித்தான் பார்க்கணும். செம்பனையும் டுரியானும்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பையன் ஏமாறக் கூடாது. சுரங்கத்துக்குள்ள இறங்க முடியாது. டிக்கெட் வாங்கி, தலையில விளக்கு மாட்டிக்கிட்டு இறங்கற சுரங்கம் இங்க கிடையாது. பழைய சுரங்கம் இருந்த புக்கிட் கோமான் பக்கம் வேலி போட்ட இடம் நிறைய. வேலிக்குள்ள கால் வைக்காதீங்க. பழைய குழி இருக்கிற மண்ணு எப்ப உள்வாங்கும்னு யாருக்கும் தெரியாது. குட்டைத் தண்ணியிலயும் பையனைக் கை வைக்க விடாதீங்க.

அப்ப எதைப் பார்க்கறதுன்னு கேப்பீங்க. என்னைக் கேட்டா, தங்கம் போயிருச்சு, ஆனா தங்கத்துக்காகப் போட்ட ரோடு போகல, தங்கத்துக்காக இழுத்த கரண்டு போகல. அதுக்குப் பின்னாலதான் ரப்பர் வந்துச்சு, ரப்பருக்குப் பின்னால நாம வந்தோம். அந்த வரிசையில பார்த்தீங்கன்னா ஒரு நாள் பத்தாது.

அதனால கோலகுபு பாரு வழியாவே வாங்க. காராக் வழி வேகம், ஆனா அதுல கதை இல்ல. உங்க ஊர்லேருந்து ரவாங் வந்து, அப்படியே வடக்க கோலகுபு பாரு. அந்தக் காலத்துல பகாங் மலைக்கு உங்க பக்கம் ரயில் கோலகுபு வரைக்கும்தான். பழைய கோலகுபு வெள்ளத்துல அழிஞ்சு, இப்ப நீங்க பார்க்கிறது இடம் மாத்திக் கட்டின ஊர். அங்கேருந்து மலை ஏறி, கேப்ங்கிற கணவாயைத் தாண்டி, த்ராஸ் வழியா ரவுப், அதுக்கப்புறம் கோலலிப்பிஸ். 1890களில் போட்ட ரோடு இது. அதுக்கு முன்னால பகாங் உள்நாட்டுக்கு சாமான் வரணும்னா பெரும்பாலும் ஆத்து வழிதான். சுரங்கத்துக்கு வேண்டிய இரும்பு இயந்திரத்தைப் படகுல எத்தனை நாள் இழுக்கறது? ரோடு வந்த பிறகு மாட்டு வண்டியில மலை தாண்டி வந்துச்சு. நீங்க கேப் ஏறும்போது ஒவ்வொரு வளைவுலயும் பையனைக் கேளுங்க, இந்த இடத்துல ஒரு கொதிகலனை மாட்டைப் பூட்டி எப்படித் திருப்பியிருப்பாங்கன்னு. திரட்டேட்டுல முதல் பக்கம் அதுவாவே இருக்கட்டும். வயித்தைப் பிரட்டற வளைவுதான், காலையில ரொட்டி சானாயை அளவோட சாப்பிடச் சொல்லுங்க.

மலை ஏறுற அந்த ரோட்டுல, கேப்புக்குப் பக்கத்துலதான் 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்ட் கொரில்லாங்க சுட்டுக் கொன்னாங்க. பிரேசர் மலைக்குப் போய்க்கிட்டு இருந்தார். அதுக்கப்புறம், கொரில்லாங்களுக்கு உதவினாங்கன்னு த்ராஸ் ஊரையே அரசாங்கம் காலி பண்ணி, சனங்களை லாரியில ஏத்தி ஈப்போ முகாமுக்குக் கொண்டுபோனாங்க. இப்ப த்ராஸ்ல ரெண்டு வரிசைக் கடை, ஒரு காப்பிக் கடை, அமைதியா இருக்கும். அங்க இறங்கி ஒரு காப்பி குடிங்க. மாமனாருக்கும் கால் நீட்டின மாதிரி இருக்கும். கம்யூனிஸ்ட்டுகளை அடக்கப் போட்ட அந்த அவசர காலத்துல எங்க லயத்தைச் சுத்தியும் முள்வேலி. காலையில வெட்டுக்குப் போறவங்க கையில அரிசியோ கிழங்கோ இருக்கான்னு கேட்டுல தடவிப் பார்ப்பாங்களாம். காட்டுல இருக்கிறவங்களுக்குப் போயிரக் கூடாதாம். பாட்டி வாளியைக் கவுத்துக் காட்டிட்டுத்தான் போவாங்களாம். உங்க மாமனார் வயசுக்கு அவருக்கும் இது தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்க.

ரவுப் டவுனுக்குள்ள வந்ததும் காடியை ஒரு இடத்துல போட்டுட்டு பிப்பி ரோட்டுல நடங்க. சின்ன ரோடுதான், மாமனார் தாங்குவார். வில்லியம் பிப்பிங்கிற ஆஸ்திரேலியாக்காரர், குயின்ஸ்லாந்துலேருந்து வந்தவர், 1889-ல இங்க தங்கம் எடுக்கற உரிமை வாங்கினார். அவர் பேருதான் ரோட்டுக்கு. அவருக்கு முன்னாலயே மலாய்க்காரங்களும் சீனங்களும் ஆத்து மண்ணை அலசித் தங்கம் எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பிப்பி கம்பெனி வந்து பாறையைத் தோண்டிப் பூமிக்குள்ள போச்சு. அதுதான் வித்தியாசம், பையனுக்கு அதைப் புரிய வைங்க. போருக்கு முந்தின கடைவீடுகள் அந்த ரோட்டுல இன்னும் நிக்குது. கடை முன்னால இருக்கிற அஞ்சடி நடைபாதையில நடந்துக்கிட்டே மேல பாருங்க, மாடிப் பலகை ஜன்னல்ல சாயம் உரிஞ்ச இடத்துல அடியில வேற நிறம், அதுக்கடியில இன்னொரு நிறம். கீழ கைப்பேசி விக்கிற கடை, மேல அந்தக் காலம்.

அதுக்கப்புறம் புக்கிட் கோமான். டவுனுக்குப் பக்கம்தான். சுரங்க வேலைக்காரங்க குடியேறின சீனக் கம்பம், அதாவது கிராமம். பாதிப் பலகை வீடுங்க. கல்லு வீடு கட்டினவங்களும் பழைய வீட்டுல ஒரு பகுதியை இடிக்காம வெச்சிருப்பாங்க. வாசல்ல உக்காந்திருக்கிற பெரியவங்ககிட்ட மலாய்ல ரெண்டு வார்த்தை பேசினா போதும், கதை கதையா கொட்டும். யார் வீட்டையும் கேக்காம படம் எடுக்காதீங்க. 2009-ல இந்தக் கம்பத்துக்குப் பக்கத்துலயே பழைய மண்ணைச் சயனைட் போட்டு அலசித் தங்கம் எடுக்கற ஆலை ஓட ஆரம்பிச்சுது. ஊர்ச் சனங்க பல வருஷம் போராடி நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. அதனால கேமராவோட வர்றவங்களைப் பார்த்தா யாரு என்னன்னு கேப்பாங்க. சிரிச்சுப் பதில் சொல்லுங்க, பையன் பள்ளிக்கூட வேலைன்னா சந்தோஷமாப் பேசுவாங்க.

பிப்பி ஆரம்பிச்ச பழைய கம்பெனி 1960களோட தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு. எழுபது வருஷத்துக்கு மேல. மலாயாவுல அந்த அளவுக்கு ஆழமா, அந்த அளவுக்கு நீண்ட காலம் ஓடின வேற தங்கச் சுரங்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கோலலிப்பிஸை இதோட சேர்க்காதீங்க. 1898-லேருந்து 1955 வரைக்கும் பகாங் தலைநகரா இருந்த ஊர் அது. அங்க பார்க்க அதுவே தனியா ஒரு நாள் கேக்கும். ரெண்டையும் சேர்த்தா ரெண்டுலயும் கழிப்பறைதான் பார்ப்பீங்க.

லெட்ரிக் சுப்ரா:

கிராணி ஐயா கரண்டுன்னு ஒரு வார்த்தையில தாண்டிட்டார். நான் மின்வாரியத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதை விட மனசு வரல.

செம்பாம் ஆத்துல 1900-ல அந்தச் சுரங்கக் கம்பெனி ஒரு நீர்மின் நிலையம் கட்டினாங்க. மலாயாவோட மின்சார வரலாறு எழுதுறவங்க யாரா இருந்தாலும் அந்த நிலையத்தை முதல் பக்கத்துல வைப்பாங்க. ஏன் கட்டினாங்கன்னு யோசிங்க. ஆழமான சுரங்கத்துல முதல் எதிரி தண்ணி. ராப்பகலா இறைக்கணும். கல்லு மேல ஏறணும். ஏறின கல்லை இரும்பு உலக்கையில மாவா இடிக்கணும். எல்லாத்துக்கும் நீராவி வெச்சா விறகு வெட்டி மாளாது. மலையிலேருந்து தண்ணி சும்மா விழுது, அதைக் குழாய்ல இறக்கிச் சக்கரத்தைச் சுத்த விட்டா விறகும் வேண்டாம், ஆளும் குறைவு. ஒரு மலேரியாக் காட்டுக்கு நடுவுல, கோலாலம்பூர் வீடுகள்லயே மண்ணெண்ணெய் விளக்கு எரிஞ்ச காலத்துல, சுரங்கத்துக்குக் கம்பி இழுத்தாங்க.

கவிதா அக்கா ரவாங் தாண்டித்தான வரீங்க? அங்கேயும் ஒரு சங்கதி இருக்கு. 1894-ல சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் நம்ம தம்புசாமி பிள்ளையும் ரவாங்ல ஈய லம்பத்துக்கு மின்சாரம் கொண்டு வந்தாங்க. பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட அதே தம்புசாமி பிள்ளைதான். ஆக, ரவாங்லேருந்து ரவுப் வரைக்கும் நீங்க ஓட்டுற ரோடு முழுக்க இந்த நாட்டுக் கரண்டோட ஆரம்பக் கதை. பையன் ஒரு வரைபடம் வரைஞ்சு ரெண்டு ஊரையும் கோடு போட்டு இணைக்கட்டும்.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுக்காரங்க நிறைய பேர் உழைச்ச கோலார் தங்கவயல் இருக்கு பாருங்க, கர்நாடகாவுல. அதுக்குச் சிவசமுத்திரத்துலேருந்து கரண்டு போனது 1902-ல. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி. அந்த நீளத்துக்கு நம்ம செம்பாம் ஈடாகாதுதான், ஆனா வருஷத்துல ரவுப் முந்தி. தங்கத்துக்குத்தான் முதல் கரண்டு போகும்ங்கிறது ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதான்.

மின் நிலையத்துக்குள்ள போறது அனுமதி இருந்தாத்தான். அந்தப் பக்கம் ரோடும் சின்னது. முழங்கால் வலிக்காரரை வெச்சுக்கிட்டு அங்க அலைய வேண்டாம். ஆத்தை ரோட்டோரமா பார்த்தா போதும்.

பெந்தோங் செல்வி:

சாப்பாடு பத்தி யாருமே பேசல பார்த்தீங்களா, எல்லாம் ஆம்பளைங்க! ரவுப்ல ரத்தா கடை மீன் தலைக் கறிக்குக் கோலாலம்பூர்லேருந்தே வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம், பன்னெண்டு மணிக்கு முன்னாலயே உக்காந்துருங்க. மாமனாருக்குக் காரம் ஆகுமான்னு பார்த்துக்கோங்க. டுரியான் சீசன் ஜூன், ஜூலைதான் பெருசு. மத்த மாசத்துல ரோட்டோரத்துல விக்கிறதை விலை கேட்டுட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க, வெட்டின பிறகு கேக்காதீங்க.

திரும்பும்போது மலை ரோட்டுல இருட்டுல இறங்காதீங்க அக்கா. மழை பெஞ்சா மண்சரிவு வர்ற ரோடு. எங்க ஊர் வழியா காராக் நெடுஞ்சாலையிலேயே போயிருங்க. பெந்தோங்ல நிறுத்தி இஞ்சி வாங்கிக்கலாம்.

பெர்ஜுந்தை கவிதா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிராணி ஐயா, நீங்க எழுதினதை மாமனாருக்குப் படிச்சுக் காட்டினேன். முள்வேலி பத்தி வந்ததும் "படி, படி"ன்னு ரெண்டு தடவை படிக்க வெச்சார். அவங்க லயத்துல வீட்டுல அரிசி வெச்சுக்க விடலையாம். ஒரே இடத்துல ஆக்கிச் சோறாத்தான் கொடுப்பாங்களாம், சோறு காட்டுக்குள்ள போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுடும்னு. இத்தனை வருஷத்துல எங்ககிட்ட இதைச் சொன்னதே இல்ல.

பையனுக்கு ஒரு சந்தேகம். பாறையிலேருந்து தங்கம் எப்படிப் பிரிப்பாங்க? ரோட்டோரத்துல மின்னுற கல்லு கிடைச்சா அது தங்கமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ரவுப்ல மட்டும் ஏன் தங்கம் இருக்குன்னும் கேக்கறான். எனக்குப் பதில் தெரியல.

பழைய கிராணி:

கெட்டிக்காரப் பையன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தாத்தா சொன்னதும், பிறகு படிச்சதும்.

கடைசிக் கேள்வியிலேருந்து வரேன். பெந்தோங்லேருந்து ரவுப் வழியா வடக்க ஒரு கோடு போகுது. பூமி ஆராய்ச்சிக்காரங்க அதுக்கு நம்ம ரெண்டு ஊரு பேரையும் சேர்த்தே பேர் வெச்சிருக்காங்க. இருபது கோடி வருஷத்துக்கும் ரொம்ப முன்னால அந்த இடத்துல கடல். மேற்குப் பக்கம் ஒரு நிலம், கிழக்குப் பக்கம் இன்னொரு நிலம். ரெண்டும் நெருங்கி நெருங்கி நடுவுல இருந்த கடல் மூடிப்போச்சு. அந்த நெருக்கல்ல பாறை வெடிச்சு, வெடிப்புல கொதிக்கிற தண்ணி ஏறி, ஆறும்போது வெள்ளைக் கல்லா உறைஞ்சுது. தங்கம் அந்த வெள்ளைக் கல்லோடதான் வந்துச்சு. ரவுப்லேருந்து லிப்பிஸ் பக்கம் வரைக்கும் தங்கம் கிடைச்ச இடங்க இந்தக் கோட்டை ஒட்டித்தான் வரிசையா இருக்கு. ஆக, நம்ம தீபகற்பம் ரெண்டு துண்டு ஒட்டினது. பையன் வரையற படத்துல ஒரு நீலக் கோடு போடச் சொல்லுங்க.

பிரிக்கிற விதம் இதுதான். வெள்ளைக் கல்லை வெடி வெச்சு உடைச்சு, வண்டியில மேல ஏத்தி, உலக்கையில இடிப்பாங்க. உலக்கைன்னா நம்ம வீட்டு உலக்கை இல்ல, வரிசையா நிக்கிற இரும்புக் கம்பங்க, தூக்கித் தூக்கிப் போடும். ராத்திரி அந்தச் சத்தம் நின்னாத்தான் தூக்கம் கலையும்னு தாத்தா சொல்வார், சத்தம் ஓடும்போது தூங்கிடுவாங்களாம். இடிச்ச மாவைத் தண்ணியோட பாதரசம் பூசின செப்புத் தகடு மேல ஓட விட்டா தங்கம் பாதரசத்தோட ஒட்டிக்கும். பிறகு சுண்டக் காய்ச்சினா பாதரசம் ஆவியாப் போயிடும், தங்கம் நிக்கும். தகட்டுல ஒட்டாம தப்பின பொடித் தங்கத்துக்குத்தான் சயனைட் கரைசல். பாதரச ஆவியும் சயனைடும் ரெண்டுமே விஷம்னு ஏட்டுல எழுதச் சொல்லுங்க, வெறும் பளபளப்பை மட்டும் எழுதக் கூடாது.

மின்னுற கல்லு: நீங்க பார்க்கிறது பெரும்பாலும் பைரைட்டாத்தான் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஒரு ஊசி முனையால அழுத்திப் பாருங்க. தங்கம்னா பள்ளம் விழும், உடையாது. பைரைட் பொடிப்பொடியா உதிரும். நிழல்லயும் திருப்பிப் பார்க்கணும். தங்கத்தோட மஞ்சள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே இருக்கும். பைரைட் வெயில்ல மட்டும்தான் ஆட்டம் காட்டும். ரோட்டோரத்துல வெள்ளைக் கல்லு ஒண்ணு ரெண்டு பொறுக்கிக்கலாம், வேலிக்குள்ளேருந்து எடுக்க வேண்டாம்.

மாமனார் இருந்த தோட்டத்துப் பேரைத் தனிச்செய்தியில அனுப்புங்க. துரை பேரோ, வேலையை மேற்பார்த்த மண்டோர் பேரோ, லயத்துக்குப் பக்கத்துல இருந்த கோயில் என்ன சாமின்னோ ஞாபகம் இருந்தாலும் போதும். சில தோட்டம் பேர் மாறிப்போச்சு, சிலது கைமாறி டுரியான் கம்பெனி கையில இருக்கு, கேட்டு மூடியிருக்கும். நான் முன்கூட்டியே காவக்காரர்கிட்ட பேசி வெக்கறேன். லயம் நிக்காது, ஆனா கோயில் பல இடத்துல நிக்குது.

ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்காவது கிளம்பிருங்க. த்ராஸ்ல காப்பி குடிச்சுட்டு ஒம்பது மணிக்குள்ள பிப்பி ரோட்டுக்கு வந்துட்டா வெயில் ஏறுறதுக்குள்ள நடந்துடலாம். கோலகுபு பாருவுலயே பெட்ரோல் நிரப்பிக்கோங்க, அங்க விட்டா மலை மேல கிடையாது.